வெள்ளத்தில் மூழ்கிய கார்: வாங்கலாமா, விடலாமா? அறிகுறி வாரியாக ஒரு சோதனை

டிசம்பர் மழை ஓய்ந்து ஒன்றிரண்டு மாதம் போனால் போதும், வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் தண்ணீரில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வரத் தொடங்கும். 2015ல் அடையாறு கரை தாண்டிய பிறகும், 2023ல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இதுதான் நடந்தது. அந்த 2023 டிசம்பர் மாதமே தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அங்கே மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வந்தன. விலையைக் கேட்டால் ஆசை வரும். நாலு லட்சம் பெறுகிற கார் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் கிடைக்கிறதே என்று தோன்றும்.

மூழ்கிய வண்டியைத் தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஓரளவு தண்ணீர் பார்த்த வண்டியை ஒழுங்காகப் பிரித்து, காயவைத்து, திரும்பப் பூட்டினால் பல வருடம் ஓட்டலாம். ஆனால் வாங்குவதாக இருந்தால் கழுவாத வண்டியை வாங்குங்கள். சேற்றோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பது கோடாகவே தெரியும். எது நனைந்தது, எது தப்பித்தது என்று பார்த்துச் செலவைக் கணக்குப் போடலாம். பாலிஷ் அடித்து, புது மேட் விரித்து, வாசனை டப்பா மாட்டி நிற்கும் வண்டியில் அந்த அடையாளங்கள் எல்லாம் துடைக்கப்பட்டுவிட்டன. நஷ்டம் பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. ஏர்பேக் விரியுமா என்று தெரியாத காரில் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

கதவைத் திறக்கும் முன் மூன்று கேள்விகள்

முதலில், தண்ணீர் எதுவரை வந்தது? கதவுப் படிக்குக் கீழேயே நின்றிருந்தால் பிரேக், வீல் பேரிங், சைலன்சர் வேலையோடு முடிந்துவிடும். தாராளமாகப் பார்க்கலாம். கார்ப்பெட் நனைந்து, சீட் மெத்தைக்குக் கீழே நின்றிருந்தால் யோசிக்கலாம். ஆனால் தரையோடு ஓடும் ஒயரிங்கும், பல கார்களில் கியர் லிவர் பகுதியில் தரையில் பொருத்தியிருக்கும் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டும் நனைந்துவிட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீட் மெத்தையும் மூழ்கியிருந்தால், எலக்ட்ரானிக்ஸ் அதிகம் இல்லாத பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் மாதிரி வண்டிகளுக்கு மட்டும் சரி. டேஷ்போர்டைத் தொட்டிருந்தால், அது உதிரி பாகத்துக்கு உதவும் வண்டி. அதன் இடம், சென்னையில் பழைய உதிரி பாகம் விற்கும் புதுப்பேட்டை.

இரண்டாவது, என்ன தண்ணீர், எத்தனை நாள் நின்றது? மழைத் தண்ணீர் ஒரு ராத்திரி நின்று வடிந்தது வேறு, சாக்கடை கலந்து நாலு நாள் நின்றது வேறு. கடல் தண்ணீரோ உப்பளத் தண்ணீரோ பட்டிருந்தால் பேச்சே வேண்டாம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த பிறகும் உப்பு கனெக்டருக்குள் தங்கி, ஈரக்காற்றை இழுத்து, செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். 2023ல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து தெருவுக்குள் வந்தது. அந்த மாதிரித் தண்ணீரில் நின்ற வண்டியில் ரப்பர் ஹோஸ், புஷ், பூட் எல்லாவற்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் இன்ஜினின் தலைவிதி. தண்ணீர் வடிந்த பிறகு யாராவது சாவி போட்டுப் பார்த்தார்களா?

நின்ற இடத்திலேயே மூழ்கிய வண்டியின் இன்ஜின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் ஓட்டிக்கொண்டு போய் நின்ற வண்டியும், வடிந்ததும் பதற்றத்தில் செல்ஃப் அடித்த வண்டியும்தான் செத்துப்போகின்றன. பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அப்போது வளைவது, பிஸ்டனைக் கீழே கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். டீசல் இன்ஜினில் காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறார்கள். அதனால் பிஸ்டன் தலைக்கு மேலே மிஞ்சும் இடம் மிகக் கொஞ்சம். சிறிதளவு தண்ணீரே ராடை வளைக்கப் போதும்.

விற்பவர் “தொடவே இல்லைங்க” என்றுதான் சொல்வார். “சரிண்ணே, வண்டி இங்க எப்படி வந்துச்சு?” என்று கேளுங்கள். டோ வண்டியில் வந்திருந்தால் ரசீதோ போட்டோவோ இருக்கும். “ஒரு மெக்கானிக் வந்தாரு, நாலஞ்சு தடவ அடிச்சுப் பாத்தாரு, ஸ்டார்ட் ஆகல” என்று பேச்சுவாக்கில் வந்தால், இன்ஜின் வேலையின் முழுச் செலவையும் விலையில் கழித்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு நின்றுவிடுகிறது

மறுபடி அடிக்காதீர்கள், அடிக்க விடாதீர்கள். பேட்டரி வீக்காக இருக்கலாம், செல்ஃப் மோட்டாரில் சேறு போயிருக்கலாம், சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கலாம். எது என்று தெரியாமல் அடித்தால் மூன்றாவது காரணம்தான் உங்களுக்குச் செலவு வைக்கும்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய ஃபில்டர் காய்ந்து, மடிப்பு குலையாமல், சேறு இல்லாமல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்க வாய்ப்பு குறைவு. பேப்பர் நெளிந்து, பெட்டியின் அடியில் வண்டல் படிந்திருந்தால் போயிருக்கிறது. வண்டி முழுக்க அழுக்காக இருக்க, ஃபில்டர் மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தால் யாரோ ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டார்கள்.

அப்புறம் ஸ்பார்க் ப்ளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். டீசலில் ஹீட்டர் ப்ளக்கைக் கழற்ற வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ப்ளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து வந்தால் வரட்டும். இரண்டு முழுச் சுற்று எங்கும் முட்டாமல் வந்தால் நல்ல செய்தி. சுற்றவே இல்லை என்றால், தண்ணீர் நின்று சிலிண்டர் சுவரில் துரு பிடித்து பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம். ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் விட்டு, ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் முயலுங்கள். நீளமான பைப் மாட்டி முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள்.

ராட் வளைந்திருக்கிறதா என்பதை இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டைப் பிரிக்காமலே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். ப்ளக் ஓட்டை நேராக இருக்கும் இன்ஜின்களில், நீளமான ஒரு மெல்லிய மரக்குச்சியை ஓட்டைக்குள் விட்டுப் பிஸ்டன் தலையில் நிற்க வையுங்கள். இன்ஜினைக் கையால் சுற்றினால் குச்சி மெல்ல மேலே வரும். உச்சியில் ஒரு நொடி நின்று, திரும்ப இறங்கத் தொடங்கும். அந்த உச்சியில், ஓட்டையின் விளிம்புக்கு நேராகக் குச்சியில் பேனாக் கோடு போடுங்கள். அதே குச்சியை நாலு சிலிண்டரிலும் விட்டுப் பாருங்கள். நாலு கோடும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் குச்சி ஓரிரு மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால் அந்த ராட் குட்டையாகிவிட்டது, அதாவது வளைந்துவிட்டது. அப்படியே ஓட்டினால், கொஞ்ச நாளில் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். விற்பவரின் கண்முன்னே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அதன் பிறகு விலைப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது

ஆயிலும் தண்ணீரும் கலந்து அடிபட்டால்தான் இந்த நிறம் வரும். அதாவது தண்ணீர் உள்ளே போன பிறகு இன்ஜின் ஓடியிருக்கிறது. நிறம் மாறாமல், அளவு மட்டும் ‘ஃபுல்’ கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கியிருக்கிறது, இன்னும் யாரும் ஓட்டவில்லை. பார்க்கப் பயமாக இருந்தாலும், இரண்டில் இதுதான் மேல்.

இன்ஜின் அடியில் ஆயில் வடிக்கும் சம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல், ஒரு சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில்தான் நிற்கும். அதனால் முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டும், அது நின்ற பிறகு கறுப்பாய் ஆயில் வரும். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். கழுவிய வண்டியிலும் இந்தச் சோதனை வேலை செய்யும். யாராவது ஆயில் மாற்றிவிட்டிருந்தால்கூட, ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மஞ்சளாய்ப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும்.

சரிசெய்வது எளிது, பொறுமைதான் வேண்டும். மலிவான ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடியுங்கள். நிறம் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒருமுறை மாற்றிவிட்டு விட்டால் மீதித் தண்ணீர் பேரிங்கை அரிக்கும். பல தடவை மாற்றியும் வெள்ளையாகிக்கொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இருக்கலாம். இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். டேங்கை இறக்கி, காலி செய்து, காயவைத்து, ஃபில்டர் மாற்றினால் சரியாகும். டீசலில் விஷயம் அவ்வளவு லேசானது அல்ல. காமன் ரெயில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. அதில் தண்ணீர் கலந்து ஓடியிருந்தால் உள்ளே உரசித் தேய்ந்திருக்கும், அந்தச் செலவு இன்ஜின் செலவோடு போட்டி போடும். டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

கியர் விழவில்லை, அல்லது கிளட்ச் மிதித்தாலும் வண்டி நகர்கிறது

மேனுவல் கியர் என்றால் பயப்பட வேண்டாம். நாள்கணக்கில் நின்றதில் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கும். விடுவித்துவிடலாம், மோசமாக இருந்தால் கிளட்ச் செட் மாற்றலாம். கியர் பாக்ஸ் ஆயிலை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். கியர் பாக்ஸிலும் டிஃபரென்ஷியலிலும் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. சூடாக ஓடிய வண்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் என்றால், டார்க் கன்வெர்ட்டர் வகையோ சி.வி.டி.யோ, கியர் ஆயிலைப் பாருங்கள். கலங்கி, ரோஸ் நிறத்தில் நுரைத்திருந்தால் அந்த கியர் பாக்ஸ் மொத்தமாகப் போய்விட்டது என்று வைத்துத்தான் விலை பேச வேண்டும். உள்ளே இருக்கும் உராய்வுத் தகடுகள் பசையால் ஒட்டப்பட்டவை, தண்ணீரில் அந்தப் பசை விட்டுவிடும். ஆயில் மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். சில வாரம் ஓடும், அப்புறம் வழுக்கும். ஏ.எம்.டி. வகை அடிப்படையில் மேனுவல் கியர் பாக்ஸ்தான். அதில் கியரைத் தானாக மாற்றும் ஆக்சுவேட்டரும் அதன் கன்ட்ரோல் யூனிட்டும் நனைந்ததா என்பதுதான் கேள்வி.

ஹாரன் தானாக அடிக்கிறது, சென்ட்ரல் லாக் துடிக்கிறது, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது

மூழ்கிய வண்டியைக் கொல்வது பெரும்பாலும் ஒயரிங்தான். இன்ஜினைப் பிரித்துத் துடைத்து வைத்துவிடலாம். ஒயரிங் அப்படி அல்ல. தண்ணீர் ஏறும்போது பேட்டரி இணைப்பில் இருந்திருந்தால், நனைந்த ஒவ்வொரு கனெக்டரிலும் மின்சாரம் கசிந்து அரிப்பு அப்போதே தொடங்கிவிட்டது. ஒயரின் உள்ளே, இன்சுலேஷனுக்கு அடியிலேயே தண்ணீர் ஊர்ந்து அடுத்த கனெக்டர்வரை போகும். முதல் மாதம் எல்லாம் வேலை செய்யும். நாலைந்து மாதம் கழித்து ஒரு விளக்கு, அப்புறம் ஒரு கண்ணாடி, அப்புறம் ஓடும்போதே இன்ஜின் கட் ஆவது என்று ஒவ்வொன்றாக வரும். எலக்ட்ரீஷியன் ஒரு இடத்தில் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் கிளம்பும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: டிரைவர் கால் பக்கத்து ஃப்யூஸ் பெட்டி, கதவுப் படியின் பிளாஸ்டிக்குக்குக் கீழே ஓடும் ஒயர்க் கட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்கள். ஒன்றிரண்டைப் பிரித்து உள்ளே டார்ச் அடியுங்கள். உள்ளே இருக்கும் உலோக முனைகள் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மின்ன வேண்டும். பச்சைப் பொடி தெரிந்தால் அந்த ஒயர்க் கட்டு முழுக்கச் சந்தேகம்தான். ஸ்ப்ரே அடித்து பிரஷ் போட்டால் பொடி போகும், அரித்துப்போன உலோக முனை திரும்ப வராது.

பேட்டரி இறங்குகிறதா என்பதற்கு மல்டிமீட்டர் போதும். எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, மைனஸ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். கார் ‘தூங்கிய’ பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால், ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் எந்தச் சர்க்யூட் என்று தெரியும்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான குறைகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூட அழைத்துப் போங்கள். ‘யு’ எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடுகள் பல வந்தால், கன்ட்ரோல் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியவில்லை என்று பொருள். குறியீடு எதுவுமே இல்லை என்றாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். நீங்கள் வருவதற்குச் சற்று முன் அழித்திருக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, அல்லது எரியவே இல்லை

எரிந்துகொண்டே இருந்தால் குறை இருக்கிறது. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். சாவியை ஆன் செய்ததும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். வரவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது வேறொரு விளக்கோடு இணைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்தவர் அந்தக் காரில் வேறு எதை மறைக்கத் தயங்கியிருப்பார்? எழுந்து வந்துவிடுங்கள்.

நனைந்த ஏர்பேக் யூனிட், மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கும் பிரீடென்ஷனர், அவற்றின் மஞ்சள் கனெக்டர்கள் ஆகியவற்றைக் காயவைத்துப் பூட்டுவது பழுது பார்ப்பது ஆகாது. புதிதாகத்தான் போட வேண்டும். இந்தச் செலவைச் சேர்த்துக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

ஏ.சி. போட்டதும் நாற்றம்

கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான பஞ்சு போன்ற ஃபெல்ட் இருக்கும். மேலே காய்ந்திருந்தாலும் அது மாதக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுதாக வெளியே எடுக்காமல் எந்த ‘இன்டீரியர் கிளீனிங்’கும் உதவாது. சாக்கடைத் தண்ணீர் என்றால் ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ப்ளோயரையும் ஏ.சி. எவாபரேட்டர் பெட்டியையும் இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குப் பல கார்களில் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். குழந்தைகளோ ஆஸ்துமாக்காரர்களோ இருக்கும் வீடு என்றால் பூஞ்சையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஓடும்போது சக்கரத்தில் ‘ஊஊ’ சத்தம், பிரேக் பிடித்துக்கொள்கிறது

பேரிங், காலிப்பர் பின், டிரம், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் வழக்கமான வேலைதான், எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் செய்வார். பிரேக் ஆயிலை மட்டும் மறக்காமல் முழுதாக மாற்றுங்கள். அது தண்ணீரை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏற்காடு மலையில் இறங்கும்போது பிரேக் மிதி உள்ளே போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு குறையும் தெரியவில்லை, விலை மட்டும் குறைவு

அறிகுறிகளிலேயே அதிகம் பயப்பட வேண்டியது இதுதான். பிரச்சினை தெரிகிற வண்டியில் பேரம் பேசலாம். தெரியாத வண்டியில் மொத்த நஷ்டமும் உங்களுடையது.

சீட் பெல்ட்டை முழுசாக, கடைசிவரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள், சுருளுக்குள் கிடக்கும் கடைசி அரை மீட்டரை யாரும் துவைப்பதில்லை. அங்கே பழுப்பாய் ஒரு கோடும், விரலில் மாவு மாதிரி வண்டலும் ஒட்டினால் சந்தேகம் தீர்ந்தது. நாலு பெல்ட்டையும் இழுங்கள். பின் சீட் பெல்ட்டை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள்.

சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஸ்பிரிங்கையும் தண்டவாளத்தையும் பாருங்கள். வெள்ளம் பார்க்காத காரில் அங்கே துரு வர வேலை இல்லை. சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் முனைகள் தேய்ந்திருந்தால் சீட் ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். ஸ்டெப்னி குழி, பின் விளக்கின் பின்பக்கம், ஹெட்லைட் உள்ளே மங்கலான கிடைக்கோடு, கதவின் அடி ஓட்டைகள் எல்லாம் சேறு ஒளிந்திருக்கும் இடங்கள். எட்டு வருட வண்டியில் கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருப்பதும் ஒரு சாட்சிதான்.

காகிதத்திலும் தடயம் உண்டு. சர்வீஸ் புக்கில் டிசம்பர் 2015க்கோ 2023க்கோ பிறகு நீண்ட இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம்? ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்கு 50 சதவீதம் இருக்கும். அதே உரிமையாளர் பல வருடமாக வைத்திருந்தும் பூஜ்யம் என்றால் கிளெய்ம் நடந்திருக்கலாம், அல்லது பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்கலாம். இரண்டுக்கும் அவர் காரணம் சொல்லியாக வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் போனஸ் ஆளோடு போவது, வண்டியோடு அல்ல. சமீபத்தில் கை மாறிய வண்டியில் பூஜ்யம் இருப்பது தானாகவே குற்றம் ஆகாது.

‘டோட்டல் லாஸ்’ ஆன வண்டி என்கிறார்கள்

பழுதுச் செலவு, வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸ் என்று முடிவு செய்யும். மிச்சம் கிடக்கும் வண்டி ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து புரோக்கர் கைக்கு வரும். இதிலிருந்தே ஒரு விஷயம் புரிய வேண்டும். சர்வேயர் நேரில் பார்த்து, நாலு லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு மூன்று லட்சத்துக்கு மேல் செலவாகும் என்று எழுதிய வண்டியை ஒருவர் ஐம்பதாயிரத்தில் தயார் செய்தேன் என்றால், செய்யாமல் விட்ட வேலைகள் எவை? கம்பெனி சர்வீஸ் சென்டர் விலைக்கும் தெரு மெக்கானிக் விலைக்கும் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பழைய இன்ஜின் போட்டால் மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சம் ஏர்பேக்கிலும் ஒயரிங்கிலும் பிடித்ததாக இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழும். நம் ஆர்.சி.யில் ‘வெள்ளத்தில் மூழ்கியது’ என்று எந்தக் குறிப்பும் இருக்காது. அதனால் எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு ஆர்.சி. நடப்பில் இருக்கிறதா, கடன் பாக்கி உண்டா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். ஆர்.சி. ரத்தான வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், சாலையில் ஓட்டவே முடியாது. சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். டோட்டல் லாஸ் வண்டியின் காகிதத்தைத் திருட்டு வண்டிக்கு மாட்டி விற்ற கும்பல்களை வட இந்தியாவில் போலீஸ் பிடித்திருக்கிறது. எண்ணைச் சுற்றித் தகடு வெட்டி ஒட்டிய தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் விலகுங்கள். உரிமையாளர் நேரில் வந்து, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிக் கடன் இருந்திருந்தால், அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். “கையெழுத்துப் போட்ட ஃபார்ம் எங்கிட்ட இருக்கு” என்று புரோக்கர் சொல்வது போதாது.

மின்சார வண்டி மூழ்கியிருக்கிறது

வேண்டாம். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம், ராத்திரி முழுக்க அல்ல. 2022ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயன் புயலில் உப்புத் தண்ணீரில் நின்ற மின்சாரக் கார்கள் நாள்கள், வாரங்கள் கழித்துத் தீப்பிடித்தன. அந்த வண்டியைச் சார்ஜில் போட்டு வீட்டுக்கு அடியில் நிறுத்தத் துணியாதீர்கள்.

விலையும், வாங்கிய பின் முதல் வேலையும்

நல்ல நிலையில் உள்ள அதே மாடல் நாலு லட்சம் என்றால், கார்ப்பெட் மட்டத்தில் மட்டும் நனைந்த, கழுவாத, யாரும் ஸ்டார்ட் செய்யாத பெட்ரோல் மேனுவல் வண்டிக்கு நான் ஒன்றரை லட்சத்தைத் தாண்ட மாட்டேன். பழுதுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஒதுக்குவேன். மீதி, பின்னால் விற்கும்போது “வெள்ளத்துல நின்னது” என்று உண்மையைச் சொல்வதால் குறையும் விலைக்கு. அப்படிச் சொல்லி விற்க மனசு வராது என்றால் வாங்காதீர்கள், அடுத்த வீட்டுக் குடும்பத்தின் தலையில் கட்டுவதாகிவிடும். புதுப்பேட்டையில் உதிரி பாகம் வாங்கும்போதும் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மூழ்கிய வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டை இன்னொரு மூழ்கிய வண்டிக்கு மாட்டிப் பயனில்லை.

வாங்கியாயிற்று என்றால் வண்டியை டோ செய்து கொண்டுவாருங்கள். வந்ததும் முதல் வேலை பேட்டரியை எடுத்து வெளியே வைப்பது. அப்புறம் சீட், கார்ப்பெட், ஃபெல்ட், கதவு உள் அட்டை எல்லாவற்றையும் கழற்றி, தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களைப் பிடுங்கித் தண்ணீரை வடியுங்கள். நனைந்த கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, காற்றடித்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். அது முடிந்த பிறகுதான் ஆயில்கள், அதற்கும் பிறகுதான் இன்ஜின். எல்லாம் பூட்டி ஓடத் தொடங்கினாலும் கார்ப்பெட்டை உடனே விரிக்க வேண்டாம். ஒரு மாதம் வெறும் தகரத் தரையோடே ஓட்டுங்கள். எந்த ஒயர் மக்கர் பண்ணுகிறதோ அதைப் பார்க்கக் குனிந்தால் போதும், மறுபடி எதையும் கழற்ற வேண்டியிருக்காது.